குவார்ட்டர்ஸா, வாடகை வீடா, வடலூர் மனையா?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றில் மின் பொறியாளராக இருக்கிறேன். வயது 36. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சாரம் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனமான என்எல்சியில் அதிகாரி நிலையில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் சேர வேண்டும். கணவர் சொந்தமாக ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகள் எழுதித் தருகிறார். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்களுடன் இருக்கும் மாமியாருக்கு ஆஸ்துமா. குவார்ட்டர்ஸை விட்டுவிடாதே என்கிறார்கள் தோழிகள். கணவரோ, "கம்பெனி மதிலுக்குள் என்னால் இருக்க முடியாது, வெளியே வாடகைக்குப் பார்ப்போம்" என்கிறார். அவருடைய பெரியப்பா, "வடலூர் பக்கம் மனை வாங்கிப் போடுங்கள், சுரங்கம் அந்தப் பக்கம் வந்தால் இழப்பீடாகவே பல மடங்கு கிடைக்கும்" என்று தினமும் தொலைபேசியில் சொல்கிறார். நாங்கள் எங்கே குடியிருப்பது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பகல் பதினொரு மணிக்கு அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? வீடு பார்க்கப் புறப்படும் எவரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். உங்கள் விஷயத்தில் பதில் தெளிவாகவே இருக்கிறது: மாமியாரும் கணவரும். நீங்கள் அனல்மின் நிலையத்திலோ சுரங்க மின்பிரிவிலோ இருப்பீர்கள். மகள் பள்ளியில் இருப்பாள். நிறுவன ஊரில் வேலைக்குச் சேருகிறவருக்கு அடையாள அட்டை, பதவி, நண்பர் வட்டம், தேநீர் நேரம் எல்லாம் முதல் மாதத்திலேயே அமைந்துவிடும். எங்கே குடியிருந்தாலும் அவர் பிழைத்துக்கொள்வார். அந்த வேலைக்குச் சம்பந்தமில்லாமல் கூட வருகிறவர்தான் வீட்டின் நல்லது கெட்டதை முழுதாக அனுபவிப்பவர். ஆகவே உங்கள் வசதியைக் கடைசியில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடுவோம்.

பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் குடியிருப்பு நிர்வாகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். வீடு ஒதுக்கீட்டுக் கோப்புகளுக்குப் பின்னால் நடக்கும் குடும்பச் சண்டைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். சண்டை பெரும்பாலும் வீட்டின் அளவைப் பற்றியதாக இருக்காது. "எல்லாமே உன் கம்பெனி கொடுத்தது" என்று கணவனோ மனைவியோ ஒரு நாள் சொல்லிவிடும் அந்த வார்த்தையில்தான் தொடங்கும். உங்கள் கணவர் மதிலைப் பற்றிப் பேசும்போது செங்கல்லை மனத்தில் வைத்துப் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

நெய்வேலியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் அவருடைய பயத்தில் எது நியாயம், எது கற்பனை என்று பிரித்துப் பார்க்கலாம். 1930களில் அந்தப் பக்கத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வெளிவந்ததிலிருந்து தொடங்குகிறது ஊரின் கதை. ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் பெயர் அதனோடு சேர்த்தே சொல்லப்படும். 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. சுரங்கம் தோண்டத் தொடங்கியது 1957-ல். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தில் 1962-ல் மின்சாரம் வந்தது. அந்த நிலையம் அறுபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடி 2020-ல் மூடப்பட்டது. இன்று மூன்று திறந்தவெளிச் சுரங்கங்களும், 1,470 மெகாவாட் திறனுள்ள இரண்டாம் அனல்மின் நிலையமும், அதன் பிறகு வந்த நிலையங்களும் இயங்குகின்றன. நிலம் கொடுத்த கிராமங்களுக்கு நடுவே, காடுபோல மரம் வளர்த்து, எண்ணிட்ட வட்டங்களாகப் பிரித்துக் கட்டியதுதான் நகரியம். அங்கே முகவரி கேட்டால் தெருப் பெயர் வராது, வட்ட எண்தான் வரும்.

நகரியத்துக்குள் நகராட்சி கிடையாது. தெருவிளக்கு எரியாவிட்டால் கவுன்சிலரைத் தேடிப் போக முடியாது. நிறுவனத்தின் நகர நிர்வாக அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். தண்ணீர், சாலை, சாக்கடை, மருத்துவமனை, கடைத்தெருக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முதலாளி. வீட்டுக்காரரும் அவரே, உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவரும் அவரே. வேலையில் மேலதிகாரியோடு மனஸ்தாபம் என்றால் மாலையில் அதே ஆளைக் காய்கறிக் கடையில் பார்ப்பீர்கள். உங்கள் மகளின் வகுப்பில் யாருடைய அப்பா என்ன பதவி என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும், ஏனென்றால் வீட்டின் வகையே பதவியைச் சொல்லிவிடும். கணவரின் பயத்தில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

மற்றது கற்பனை. அவர் நினைப்பதுபோல அது மூடிய வளாகம் இல்லை. பஸ் நிலையம், கோயில், மசூதி, தேவாலயம், கல்லூரி எல்லாம் உள்ளே இருக்கின்றன. 16-ஆவது வட்டத்து நடராஜரையும் வில்லுடையான்பட்டு முருகனின் பங்குனி உத்திரத்தையும் பார்க்கச் சுற்றுவட்டாரமே உள்ளே வந்து போகும். கோடையின் முடிவில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குச் சென்னைப் பதிப்பாளர்கள் கடை போட வருவார்கள். ஒருமுறை அவரை அழைத்துக்கொண்டு போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வாருங்கள். பாதிப் பயம் நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டிலேயே தெளிந்துவிடும்.

இனி மாமியாரைப் பற்றி. இந்த முடிவில் அவருடைய மூச்சுதான் முதல் எடை. பழுப்பு நிலக்கரி ஊரில் தூசி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. நகரியத்தின் உட்பகுதியில் மரங்கள் அடர்ந்த வட்டங்களில் ஒரு நிலைமை. மந்தாரக்குப்பம் பக்கம், இரண்டாம் அனல்மின் நிலையத்துக்கும் சுரங்கத்துக்கும் அருகே இருக்கும் தெருக்களில் வேறு நிலைமை. 2023-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரா என்ற அமைப்பும் நெய்வேலிச் சுற்றுப்புறத்தின் நீர், மண் மாதிரிகளைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. பல இடங்களில் பாதரசம் உள்ளிட்ட மாசுகள் அளவு மீறியிருப்பதாக அது சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. பீதியடைவதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியே வீடு எடுப்பதானால் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தூசியைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். வீட்டுக்காரர் பெருக்கித் துடைத்து வைத்திருக்கும் ஹாலைப் பார்க்காதீர்கள். மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மூடியில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். கொல்லையில் வாழை இருந்தால் அடியில் இருக்கும் பழைய இலையின் மேற்புறத்தைத் தடவுங்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணி காய்கிறதா, இல்லை உள்வராந்தாவில் காயப்போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். அந்தத் தெருப் பெண்கள் துணியை உள்ளே காயப்போடுகிறார்கள் என்றால் அங்கே மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இதைக் காற்று மாறும் இரண்டு பருவங்களிலும் பார்ப்பது உத்தமம். ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வரும். புகைபோக்கியின் புகையும் அதற்கேற்பத் திசை மாறும். உங்களுக்கு இரண்டு மாதம்தான் இருப்பதால், அந்தத் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவரிடம் இன்ஹேலர் எவ்வளவு விற்கிறது, எந்த மாதம் அதிகம் விற்கிறது என்று பேச்சுக்கொடுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு எந்த வீட்டுத் தரகருக்கும் தெரியாது.

மருத்துவமனை விஷயத்தில் ஒன்றை வேலையில் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவன மருத்துவமனையில் ஊழியர் குடும்பத்துக்குச் சிகிச்சை உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் 'குடும்பத்தில்' பெண் ஊழியரின் மாமியார் வருவாரா? மத்திய அரசு ஊழியரான பெண்கள், சார்ந்திருப்போராகத் தம் பெற்றோரைக் காட்டுவதா, மாமனார் மாமியாரைக் காட்டுவதா என்று தேர்ந்தெடுக்கலாம். பொதுத்துறை நிறுவனங்கள் தத்தம் விதிகளை வைத்திருக்கின்றன. சார்ந்திருப்பவருக்கு வருமான வரம்பும் இருக்கும். மாமியாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறதென்றால் அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும். உங்கள் பெற்றோரும் இருக்கிறார்கள் என்றால் அது வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய சங்கடமான தேர்வு. பணியில் சேரும் நாளில் படிவத்தை நீட்டி "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். அவசரத்தில் எழுதிய பெயரைப் பிறகு மாற்றுவது எளிதில்லை. பெரிய சிகிச்சை என்றால் புதுச்சேரி ஜிப்மரோ சென்னையோதான். புதுச்சேரி ஏறக்குறைய 60 கிலோமீட்டர், சென்னை 200 கிலோமீட்டர் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மூச்சையும் மருத்துவமனையையும் பார்த்தால் தராசு குவார்ட்டர்ஸ் பக்கம் சாய்கிறது. நானும் அதைத்தான் சொல்வேன்: நகரியத்துக்குள் குவார்ட்டர்ஸ் எடுங்கள். வீட்டு வாடகைப் படி நின்றுவிடுமே என்று சிலர் கணக்குக் காட்டுவார்கள். பெருநகரங்களுக்குக் கிடைக்கும் விகிதம் நெய்வேலிக்குக் கிடையாது. அந்தத் தொகைக்காகத் தண்ணீரையும் மரநிழலையும் விட்டுக்கொடுப்பது உங்கள் குடும்பத்துக்குக் கட்டாது.

ஆனால் கொடுத்த வீட்டை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். நிரந்தர ஊழியர்களின் எண்ணிக்கை பழைய நாள்களைவிட வெகுவாகக் குறைந்துவிட்டதால் பல வட்டங்களில் பூட்டிக்கிடக்கும் வீடுகள் இருக்கின்றன. காலி வீடுகள் சூழ்ந்த தெருவில், கணவரும் வேலையாக வெளியே போகும் நாளில் பகலெல்லாம் தனியாக இருக்கும் வயதான அம்மாவை விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாக வேலை பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் குடியிருக்கும் வீடாகக் கேளுங்கள். பழைய வீடுகளின் அழகு அவற்றின் தோட்டம்தான். மா, பலா, தென்னை, முருங்கை என்று முன்பு இருந்தவர் வைத்துவிட்டுப் போனதை நீங்கள் பறிப்பீர்கள், நீங்கள் வைப்பதை அடுத்து வருபவர் பறிப்பார். அதே தோட்டத்தில் சருகு குவிந்தால் பாம்பும் வரும். மகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது இந்த மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன; நகரியத்தின் மரங்களும் தப்பவில்லை. கூரைக்கு மேல் படர்ந்திருக்கும் கிளையைக் குடிவரும் முன்பே வெட்டித்தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கூரை ஒழுக்கு, மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் மூன்றையும் சாவி வாங்கும் நாளில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். குடியேறிய பிறகு எழுதும் புகாருக்கு மெதுவாகத்தான் ஆள் வருவார்கள். சாவியை வாங்க மறுத்து எழுதும் புகாருக்கு மறுநாளே ஆள் வருவதை என் உத்தியோக காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்!

இப்போது உங்கள் கணவருக்கு வருவோம். கடிதத்தில் மிகக் குறைவாக எழுதப்பட்டிருப்பது அவரைப் பற்றித்தான். ஆனால் நெய்வேலியில் நீங்கள் ஐந்து ஆண்டு இருப்பீர்களா, ஓராண்டில் மாற்றல் கேட்டு அலைவீர்களா என்பது அவரைப் பொறுத்தது.

அவர் கணக்கு எழுதித் தருபவர். வாடிக்கையாளர்கள் ரசீதுக் கட்டோடு நேரில் வருவார்கள். வாசலில் பெயர்ப்பலகை வேண்டும். குவார்ட்டர்ஸில் இரண்டுக்கும் வழியில்லை. நிறுவனம் குடியிருக்கக் கொடுத்த வீட்டில் தொழில் நடத்தக்கூடாது என்பது பொதுத்துறைக் குடியிருப்புகளில் பொதுவான நிபந்தனை. அவரே ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் தொழிலிடத்தின் முகவரிக்கு வாடகை ஒப்பந்தமோ உரிமையாளரின் சம்மதக் கடிதமோ வேண்டும் என்பது அவருக்கே தெரியும். இங்கே உரிமையாளர் உங்கள் முதலாளி. அப்படியொரு கடிதம் கேட்டு நீங்கள் அலுவலகத்தில் நிற்பது நன்றாக இருக்காது.

எனவே வீடு உள்ளே இருக்கட்டும், அவருடைய அலுவலகம் வெளியே இருக்கட்டும். ஆர்ச் கேட்டுக்கு அருகே உள்ள இந்திரா நகரில் ஓர் அறை, மாடியில் இருந்தாலும் போதும். வடக்குத்து ஊராட்சியில் சேர்ந்த இந்திரா நகர், நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களால் உருவான ஊர். ஓய்வு பெற்றவர்கள் கட்டிய வீடுகள், ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள், கடைகள், மெக்கானிக் பட்டறைகள், மருந்தகங்கள் என்று ஒரு சராசரித் தமிழ்நாட்டுச் சிற்றூரின் இரைச்சல் அங்கே இருக்கிறது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு தன் கடைக்குப் போகிறவராக உங்கள் கணவர் இருந்தால், "மேடத்தின் வீட்டுக்காரர்" என்று அழைக்கப்படுவது அவரை உறுத்தாது. அந்தத் தெருவில் அவர் "ஆடிட்டர் சார்" ஆகிவிடுவார். தணிக்கையாளர் பட்டம் இருக்கிறதா என்று நம் ஊரில் யார் கேட்கப்போகிறார்கள்?

தொழிலுக்கு இன்னும் நல்ல இடம் பண்ருட்டி. நெடுஞ்சாலையில் வடக்கே போனால் சுமார் 20 கிலோமீட்டர். பலா மண்டிகள் பருவத்துக்குத்தான். முந்திரி வியாபாரமோ ஆண்டு முழுதும். கொட்டை வாங்கி உடைத்துப் பருப்பெடுத்து அனுப்பும் சிறு ஆலைகளுக்குக் கணக்கு எழுத ஆள் எப்போதும் வேண்டும். கோவையில் நூற்பாலை உதிரிபாகக் கடைகளுக்கு எழுதிப் பழகியவருக்கு முந்திரிக் கணக்கு ஒரு மாதத்தில் பிடிபடும். கோவை வாடிக்கையாளர்களையும் அவர் விடவேண்டியதில்லை. பாதிப் பேர் இப்போதே வாட்ஸ்அப்பில்தான் ரசீது அனுப்புவார்கள்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. உங்கள் தோழிகள் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நெய்வேலியில் கணக்கு எழுதிக்கொள்ள முதலில் தேடி வருபவர்கள் நிறுவனத்தின் ஒப்பந்ததாரர்களாகத்தான் இருப்பார்கள். வாகனம் விடுபவர், மண் அள்ளுபவர், மின் பராமரிப்பு எடுத்தவர் என்று எல்லோருக்கும் வரிக்கணக்கு உண்டு. அதிகாரியின் கணவர் என்பதால் அவர்கள் விரும்பியே வருவார்கள். கேட்டதற்குமேல் கட்டணம் கொடுப்பார்கள். வாங்கவே கூடாது. நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்திடும் பில்லுக்குரிய ஒப்பந்ததாரரின் கணக்கை உங்கள் கணவர் எழுதுகிறார் என்று ஒரு மொட்டைக் கடிதம் போனால் போதும், கண்காணிப்புப் பிரிவு கோப்பு திறந்துவிடும். தவறு செய்யாதவரும் விளக்கம் எழுதியே ஓய்ந்துபோவார். நடத்தை விதிகளின்படி, நிறுவனத்தோடு வியாபாரத் தொடர்புள்ளவர்களிடம் நெருங்கிய உறவினர் வேலை பார்த்தால் தெரிவிக்க வேண்டும். கணவரின் தொழில் இன்னது என்று சேரும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்ததாரர் யாரையும் வாடிக்கையாளராகச் சேர்ப்பதில்லை என்று அவர் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளட்டும். பண்ருட்டி முந்திரியை நான் இத்தனை பரிந்துரைப்பதற்கு இதுவும் காரணம்.

வெளியே வாடகைக்கு இருப்பதை அடியோடு மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாமியாருக்கு ஆஸ்துமா இல்லாமல், மகள் கைக்குழந்தையாக இருந்திருந்தால் வடலூரைச் சொல்லியிருப்பேன். அது நிறுவனத்துக்கு முன்பே இருந்த ஊர். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. தைப்பூசத்தன்று லட்சக்கணக்கில் கூட்டம் வரும். அன்று ஷிப்ட் இருந்தால் முந்தின நாளே நகரியத்தில் தங்கிவிட வேண்டியதுதான். வடலூரிலிருந்து தினமும் சுமார் 10 கிலோமீட்டர் போய்வருவது பகல் ஷிப்டில் சாதாரணம்தான். இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் லாரிகளுக்கு நடுவே அந்த நெடுஞ்சாலையில் தூக்கக் கண்ணோடு வண்டி ஓட்டுவது வேறு விஷயம். கடலூரில் வீடு வைத்துக்கொண்டு தினமும் வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொதுநேரப் பணியிலிருப்பவருக்கே அது களைப்பு, ஷிப்டில் இருப்பவரால் முடியாது.

பள்ளியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நகரியத்துக்குள்ளேயே மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளும் இருக்கின்றன. வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒன்றைப் பாருங்கள். கோவையில் பள்ளி வேனில் ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டு போகும் பிள்ளைக்கு அதுவே பெரிய மாற்றமாக இருக்கும். கல்வியாண்டு நடுவில் போகிறீர்கள் என்றால் மாற்றுச் சான்றிதழைக் கோவையிலேயே வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

பெரியப்பாவின் மனைக்கு வருகிறேன். அவர் சொல்வதில் இரண்டு யோசனைகள் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சுரங்கம் வந்தால் இழப்பீடு கொழிக்கும் என்பது. இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. சுரங்க விரிவாக்கத்துக்காக நிலம் கொடுத்தவர்கள் அந்த வட்டாரத்தில் தலைமுறையாக வேலை கேட்டும் கூடுதல் இழப்பீடு கேட்டும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவனத்தால் எடுக்கப்பட்டது; ஆனாலும் விவசாயிகள் தொடர்ந்து பயிரிட்டு வந்தார்கள். பெரியப்பா கவனிக்க வேண்டியது இதைத்தான். பச்சைப் பசேலென்று நெல் நிற்பதைப் பார்த்து நிலம் யாருடையது என்று சொல்ல முடியாத வட்டாரம் அது. அறிவிப்பு வந்த நிலத்தை விவரம் தெரியாத வெளியூர்க்காரரிடம் தள்ளிவிடத் தரகர்கள் காத்திருப்பார்கள். மறுகுடியமர்வு உதவிகளோ அங்கேயே வாழ்ந்து, அந்த மண்ணை நம்பிப் பிழைத்தவர்களுக்கானவை. வேலி போட்டுவிட்டுக் கோவைக்குத் திரும்பிய மனைக்காரருக்கு அதில் என்ன பங்கு? அதே நிறுவனத்தில் அதிகாரியாக இருக்கும் நீங்கள், நிலமெடுப்பை எதிர்பார்த்து மனை வாங்கினீர்கள் என்ற பேச்சு கிளம்பினால் அது இன்னொரு மொட்டைக் கடிதம். அசையாச் சொத்து வாங்கினால் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கு உண்டு என்பதையும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது யோசனை, ஓய்வுக்காலத்துக்குச் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது. இதில் அவர் சொல்வது சரி. குவார்ட்டர்ஸில் முப்பது ஆண்டு சுகமாக இருந்துவிட்டு, ஓய்வு பெறும் ஆண்டில் வாடகை வீடு தேடி அலைபவர்களை எல்லா நிறுவன ஊர்களிலும் பார்க்கலாம். இந்திரா நகரும் வடலூரும் வளர்ந்ததற்கே அந்தக் கவலைதான் காரணம். நின்றுபோகும் வாடகைப் படியையும் மீறிக் கையில் மிஞ்சுவதை மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஆனால் அந்த வீடு நெய்வேலியில்தான் இருக்க வேண்டுமா? சம்பளமும் சொத்தும் ஒரே சுரங்கத்தை நம்பி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பழுப்பு நிலக்கரியின் எதிர்காலத்தைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருக்கும் காலத்தில், உங்கள் மகள் கல்லூரி முடிக்கும்போது அந்த மனையை வாங்க யார் இருப்பார்கள்? கோவையில் உங்களுக்கு வீடு இருந்தால் அதை விற்காமல் வாடகைக்கு விடுங்கள். இல்லையென்றால் இரண்டு ஆண்டு எதையும் வாங்காமல் இருங்கள். அந்த ஊர் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதே இன்னும் தெரியாதே.

அதற்குப் பிறகும் அங்கேதான் என்று முடிவானால், பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் தரும் டிடிசிபி அங்கீகாரம் என்று எல்லா ஊரிலும் பார்ப்பதோடு அங்கே இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். சர்வே எண் சுரங்கக் குத்தகைப் பரப்புக்குள் வருகிறதா, நிலமெடுப்பு அறிவிப்பில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்திலும் நிறுவனத்தின் நிலத்துறையிலும் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்குங்கள். பக்கத்து வீடுகளின் சுவர்களில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சுரங்கத்தின் மேல்மண் கடினமானது, வெடிவைத்துத்தான் தளர்த்துகிறார்கள். ஆழ்துளைக் கிணறு எத்தனை அடியில் தண்ணீர் கொடுக்கிறது, பத்து ஆண்டுக்கு முன் எத்தனை அடியில் கொடுத்தது என்று கேளுங்கள். ஒருகாலத்தில் குழாயை இறக்கினால் தண்ணீர் தானாகப் பொங்கிய பூமி அது. சுரங்கத்துக்குள் ஊற்று பீறிடாமல் இருக்க இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருப்பதால் அந்தக் கதை மாறிவிட்டது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் என்றால் 2015 வெள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெருவில் இருக்கும் பெரியவர்கள் சுவரைக் காட்டிச் சொல்வார்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: சேரும் நாளில் ஒதுக்கீட்டு விண்ணப்பத்தோடு மாமியாரின் மருத்துவச் சான்றின் நகலை இணைத்து, அனல்மின் நிலையங்களிலிருந்து தள்ளிய வட்டத்தில் தரைத்தள வீடு வேண்டும் என்று காரணம் சொல்லிக் கேளுங்கள். சான்றைப் பார்த்தால் ஒதுக்கீட்டு எழுத்தருக்கும் கோப்பில் குறிப்பு எழுத ஒரு பிடிமானம் கிடைக்கும். வீடு கிடைக்கும்வரை விருந்தினர் இல்லத்தில் நீங்கள் மட்டும் தங்குங்கள். வீட்டைப் பார்த்து, துடைத்து, ஒழுக்கு அடைத்து முடித்த பிறகு மாமியாரை அழைத்து வரலாம். கணவர் அதற்குள் ஒருமுறை பண்ருட்டிக்குப் போய் ஒரு முந்திரி வியாபாரியுடன் பேசிவிட்டு வரட்டும். பெரியப்பா மறுபடியும் மனையைப் பற்றிப் பேசினால் ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் கேட்டு வாங்கி எனக்கு எழுதுங்கள். என்னென்ன காகிதம் பார்க்க வேண்டும் என்று அந்த இடத்துக்கு ஏற்றபடி சொல்கிறேன்.